புதிய சேர்வருக்குப் போகும் முன் பழையதற்குத் திரும்பும் வழியை எழுதி வையுங்கள்

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. திருகோணமலை நகரில் தலைமை அலுவலகமும், கிண்ணியா, மூதூர், குச்சவெளி ஆகிய இடங்களில் கிளைகளும் கொண்ட ஒரு கடன் நிறுவனம், அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை எல்லாக் கிளைகளின் கணக்குகளையும் வைத்திருக்கும் சேர்வரில் தனது கணக்கு மென்பொருளையும் தரவுத்தளத்தையும் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தது. திங்கட்கிழமை காலை கருமபீடத்தைத் திறந்தபோது உறுப்பினர்களின் தமிழ்ப் பெயர்கள் யாவும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தன; மூதூர்க் கிளையினரால் உள்நுழையவே முடியவில்லை. இரண்டு நாட்கள் போராடிவிட்டு, பழையதற்கே திரும்புவோம் என்று தீர்மானித்தபோதுதான், பழைய சேர்வர் இயங்கிய அதே இயந்திரத்தின் வன்தட்டை அழித்துவிட்டே புதியது நிறுவப்பட்டிருக்கிறது என்ற விடயம் முகாமையாளருக்குத் தெரியவந்தது. அப்போதும் அவர் கலங்கவில்லை. "பேக்கப் இருக்குத்தானே சேர், அதைப் போட்டு விடுங்கோ" என்றார்.

இவ்வாண்டில் இந்த வாக்கியத்தை நான் கேட்பது நான்காவது தடவை. இந்த மாவட்டத்து அலுவலகங்களில் 18 வருடங்களாகச் சேர்வர்களைப் பராமரித்துவரும் எனக்கு, வைரஸ்களைவிட அதிகம் வேலை வைத்தது இந்த ஒரு நம்பிக்கைதான். ஆகவே அதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

பேக்கப், அதாவது காப்புப்பிரதி என்பது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் தரவு எப்படி இருந்தது என்பதன் நகல், அவ்வளவே. அந்தத் தரவை வாசிக்கத் தெரிந்த பழைய இயங்குதளமோ, அதே பதிப்புத் தரவுத்தளமோ, அதன் உரிமச் சாவியோ, கணக்கு மென்பொருளின் பழைய நிறுவல் கோப்போ, கிளைக் கணினிகளில் யாரோ ஒருவர் எப்போதோ செய்துவைத்த அமைப்புகளோ அதற்குள் இல்லை. மேலும், வெள்ளி மாலை ஐந்து மணிக்கு எடுத்த பிரதிக்கு, திங்களும் செவ்வாயும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் வாங்கப்பட்ட தவணைப் பணத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அப்படியானால் புதிய சேர்வரிலிருந்து இன்று ஒரு பிரதி எடுத்துப் பழையதில் போடலாமே என்று கேட்பார்கள். முடியாது. எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் புதிய பதிப்பில் எடுத்த பிரதியைப் பழைய பதிப்பு ஏற்காது. மைஎஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருளிலும் அப்படியே: 5.7 இலிருந்து 8.0 இற்கு உயர்த்திய தரவுத்தளத்தை மீண்டும் 5.7 ஆக்க இயலாது; உயர்த்துவதற்கு முன் எடுத்த பிரதியை மீட்பதுதான் ஒரே வழி. எனவே முதலாவது உண்மையான பற்றுச்சீட்டு புதிய சேர்வரில் பதிவான கணத்திலிருந்து, திரும்பிப் போவதென்றால் பழையதை மீட்பதோடு, இடையில் நடந்த கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் கையால் மறுபடி பதிய வேண்டும் என்றே பொருள். இதை வெள்ளிக்கிழமைக்கு முன் யாராவது ஒருவர் அந்த முகாமையாளருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மீட்பதற்கு எடுக்கும் நேரத்தையும் எவரும் கணக்கிடுவதில்லை. 600 ஜிபி தரவு வெளி வன்தட்டிலோ வேறொரு கணினியிலோ பத்திரமாக இருக்கலாம். ஆனால் இடையில் இருப்பது வினாடிக்கு 100 மெகாபிட் கடத்தும் பழைய வலையமைப்புச் சுவிட்ச் என்றால், எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் அதை நகர்த்த மட்டும் 13 மணித்தியாலங்களுக்கு மேல் ஆகும். காலை எட்டரைக்குக் கதவு திறக்கும் அலுவலகத்தில் அதிகாலை மூன்று மணிக்கு எடுக்கும் மீட்புத் தீர்மானம் எதற்கும் உதவாது.

மீட்டுப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று நான் ஏற்பதில்லை. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்தபோது, அந்நிறுவனம் நம்பியிருந்த காப்புப்பிரதி முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. தினசரி நகலெடுப்பு, போஸ்ட்கிரெஸ் 9.6 தரவுத்தளத்தை 9.2 பதிப்புக்குரிய கருவியால் எடுக்க முயன்று தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது; தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேராததால் அது யாருக்கும் தெரியவில்லை. ஆறு மணித்தியாலங்களுக்கு முன் வேறொரு தேவைக்காக ஒருவர் எடுத்துவைத்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. சேர்வர் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, பிரதி எடுக்கும் கருவியைப் பழையபடியே விட்டுவிடும் இதே தவறை நான் இந்த நகரத்திலேயே இரண்டு அலுவலகங்களில் கண்டிருக்கிறேன்.

ஆகவே திட்டத்தின் முதலாவது பக்கத்தில் நிறுவும் முறையை எழுதாதீர்கள். திரும்பும் முறையை எழுதுங்கள். எத்தனை மணிக்குள் எவை எவை சரிவர இயங்க வேண்டும், இயங்காவிட்டால் திரும்புவோம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, அவர் அன்று தொடர்பில் இருப்பாரா, திரும்புவதற்கு எத்தனை மணித்தியாலம் தேவை என்பவை அதில் இருக்கட்டும். தீர்மானிப்பவர் மென்பொருளை விற்றவராக இருக்கக்கூடாது. இன்னும் அரை மணித்தியாலம் தாருங்கள் என்றுதான் அவர் கேட்பார், அது அவருடைய தொழில். பழைய இயந்திரத்தைத் தொடாமல், அணைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டித் தனியே வையுங்கள். திரும்பும் முறையையும் ஒரு முறை ஒத்திகை பார்க்க வேண்டும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் புதிய மென்பொருள் எட்டுச் சேர்வர்களில் ஏழில் மட்டுமே நிறுவப்பட்டிருந்தது; எட்டாவதில் கிடந்த பழைய நிரல் பிழையான பங்குக் கட்டளைகளை அனுப்பத் தொடங்கியது. பதற்றத்தில் அவர்கள், சரியாக இயங்கிய ஏழிலிருந்தும் புதிய நிரலை அகற்றினார்கள். பழைய நிரல் எட்டிலும் இயங்கி நிலைமை இன்னும் மோசமாயிற்று. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டொலருக்கு மேல் நட்டம். எழுதி வைக்காமல் அவசரத்தில் திரும்புவது அப்படித்தான் முடியும்.

இனித் தமிழ்த் தரவு. கொழும்பிலிருந்து வரும் நிறுவுநர்கள் ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு சோதித்துவிட்டுச் சரி என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். தமிழை ஏற்காத எழுத்துக் குறிமுறைக்குத் தரவை மாற்றும்போது ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகவே சேமிக்கப்படுகிறது. அது திரையில் மட்டும் தோன்றும் கோளாறன்று, எழுத்துருவை மாற்றினால் சரியாகிவிடுவதுமன்று, அந்தப் பிரதியில் பெயர் இல்லாமலே போய்விட்டது. பழைய பதிவேடுகளில் ஒரு பகுதி யுனிகோட்டுக்கு உட்படாத பழைய பாமினி எழுத்துருவிலும் மறுபகுதி யுனிகோட்டிலும் இருப்பது நம் அலுவலகங்களில் வழமை. இரண்டையும் பிரித்தறிந்து மாற்றுவது தனியான ஒரு வேலை, அதற்குத் தனியாக நாள் ஒதுக்க வேண்டும். யுனிகோட்டிலும் ஸ்ரீ என்பதை இரு விதமாகச் சேமிக்க முடியும்: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005 இல் யுனிகோட் 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், தேடலில் ஒன்று மற்றொன்றுக்கு அகப்படாது. யுடிஎஃப்-8 குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால், 50 பைட் ஒதுக்கிய பெயர்ப் புலத்தில் 16 குறியீடுகளே அடங்கும். நான்கு குறியீடுகளாலான ஸ்ரீ ஒன்றே 12 பைட்டைப் பிடித்துக்கொள்ளும். எனவே சோதனைக்கு ஸ்ரீஸ்கந்தராஜா போன்ற பெயர்களைக் கொடுங்கள், அவற்றைத் திரையில் பார்ப்பதோடு நிற்காமல் சேமிப்புப் புத்தகத்திலும் அச்சிட்டுப் பாருங்கள்.

சேர்வரோடு பேசும் மற்றக் கருவிகளையும் பட்டியலிட வேண்டும். விரலடையாள வரவுப் பதிவுக் கருவியை எப்போதும் மறந்துவிடுவார்கள். பழைய போட்டோகொப்பி இயந்திரங்கள் பல, ஸ்கேன் செய்த கோப்பை எஸ்எம்பி 1 என்ற பாதுகாப்புக் குறைந்த பழைய முறையிலேயே சேர்வருக்கு அனுப்பும். விண்டோஸ் சேர்வர் 2019 இயங்குதளம் அதை இயல்பாக நிறுவுவதில்லை, நிறுவாமல் விடுவதே சரியும்கூட. அந்த இயந்திரத்துக்கு மாற்று வழியைத் திங்கட்கிழமை காலையில் தேடாதீர்கள்.

எல்லாக் கிளைகளையும் ஒரே இரவில் மாற்றுவது வேண்டாம். முதலில் ஒரு கிளை, இரண்டு வாரம். அந்தக் கிளையில் சோதிக்க முகாமையாளரை உட்கார வைக்காதீர்கள். தினமும் இருநூறு பற்றுச்சீட்டுப் போடும் காசாளரை உட்கார வையுங்கள். "இந்த இடத்தில முந்தி ரெண்டு தரம் என்டர் அடிச்சாப் போதும், இப்ப அஞ்சு தரம் அடிக்க வேணும்" என்று ஓர் அக்கா சொன்னதால் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் மிச்சமான அலுவலகம் ஒன்று எனக்குத் தெரியும்.

நாளைத் தெரிவுசெய்வதிலும் கவனம் வேண்டும். மாத முடிவு ஆகாது. மறுநாள் ஆதரவுக்கு எவரும் கிடைக்காத போயா விடுமுறை வாரமும் ஆகாது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகீழ்ப் பருவமழையோடு மின்வெட்டும் இணையத் துண்டிப்பும் வரும் என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் 2025 பெப்ரவரி 9 அன்று, வானம் தெளிவாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் போயிற்று. இருபது நிமிடம் தாங்கும் யூபிஎஸ்ஸை நம்பித் தரவுத்தள மாற்றத்தைத் தொடங்கக்கூடாது. ஜெனரேட்டர் இல்லையென்றால் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் பழையதிலேயே இருந்துவிடலாம் என்று எவரும் நினைத்துவிடக்கூடாது. விண்டோஸ் சேர்வர் 2012 இற்கான வழமையான ஆதரவு 2023 ஒக்டோபர் 10 உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதில் ஓடும் அலுவலகங்கள் உவர்மலையிலும் உள்துறைமுக வீதியிலும் இருக்கின்றன. அதே 2023 இல் நமது அரச முகில் சேவையைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்காமற் போயின. அங்கு இயங்கியது, அவ்வருடம் ஏப்ரல் 11 உடன் ஆதரவு முடிந்த எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் சேர்வர் மென்பொருள். மாற்றத்தான் வேண்டும், மாற்றுவதற்கு முன் எழுத வேண்டும்.

முகாமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய சேர்வருக்கான விலைமனுவில் வன்தட்டுகளைத் தனியாக வாங்கும் வரியை வெட்டாதீர்கள். நான் குறிப்பிட்ட நிறுவனத்தில், பழைய வன்தட்டையே பயன்படுத்தலாம் என்று அந்த வரியைத்தான் வெட்டியிருந்தார்கள். இப்போது நான்கு எழுதுவினைஞர்கள் அலுவலகம் முடிந்த பிறகும் இருந்து, அந்த இரண்டு நாட்களின் பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்சிடுகிறார்கள். மூதூர்க் கிளையின் அடிக்கட்டைகள் இன்னும் வந்து சேரவில்லை.