க்ரீமைத் திரித்தது இறால் அல்ல

மயிலாடுதுறை வாசகி ஒருவர் கேட்கிறார்: "வீட்டில் காரமாக இறால் க்ரீம் பாஸ்தா செய்தேன். தக்காளியை வதக்கி, இறாலைப் போட்டு, க்ரீமை ஊற்றினேன். கொதித்ததும் சாஸ் பொரிப்பொரியாகத் திரிந்துவிட்டது. 'மீனும் பாலும் சேராதுன்னு அப்பவே சொன்னேன்' என்கிறார் மாமியார். இறால்தான் காரணமா?"

இல்லை. பாலின் பிஎச் 6.7 அளவில் இருக்கும். இறால் சதையும் அதே நடுநிலைப் பகுதியில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் சண்டையே கிடையாது. அதே வாணலியில் இருந்த தக்காளியைப் பாருங்கள்: அதன் பிஎச் பெரும்பாலும் 4.2 முதல் 4.5 வரை. பிஎச் ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பது பள்ளிப் பாடம். ஆக, தக்காளிச் சாறு பாலைவிட நூறு மடங்குக்கும் மேல் அமிலம் மிகுந்தது. க்ரீம் போய் விழுந்தது அதில்தான்.

பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசீன். இது தனித்தனி மூலக்கூறாக அலைவதில்லை. ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள் கால்சியம் பாஸ்பேட்டால் பிணைக்கப்பட்டு, மைசெல் எனும் நுண்ணுருண்டைகளாக மிதக்கின்றன. ஓர் உருண்டையின் குறுக்களவு சராசரியாக 150 நானோமீட்டர். பால் வெள்ளையாகத் தெரிவதற்குக் கொழுப்புத் துளிகளோடு இவையும் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். உருண்டையின் மேற்பரப்பில் கப்பா கேசீன் என்ற வகை உட்கார்ந்திருக்கிறது. அதன் வால்பகுதி மெல்லிய இழையாக நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். இழைகள் எல்லாவற்றிலும் எதிர்மின்னூட்டம். அதனால் உருண்டைகள் ஒன்றையொன்று அண்டவிடுவதில்லை. ஐப்பசியில் மயிலாடுதுறைக் காவிரியின் துலாக்கட்டத்தில் மழை பிடித்துக்கொண்டால் ஆளுக்கொரு குடை விரித்து நிற்பார்கள். குடை விரிந்திருக்கும்வரை தோளோடு தோள் உரச முடியாது. மடக்கினால் நெரிசல்தான். அமிலம் செய்வது குடையை மடக்கும் வேலை. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் எதிர்மின்னூட்டத்தை ஈடுகட்டிவிடுகின்றன. இழைகள் தொய்ந்து உருண்டைமேல் படிகின்றன. உருண்டைகள் முட்டிக்கொண்டு அப்படியே ஒட்டிக்கொள்கின்றன.

இதில் வெப்பத்தின் பங்கைக் கவனிக்காமல் விட்டால் பாதிதான் புரியும். அறை வெப்பத்தில் கேசீன் முழுமையாகப் பிரிய பிஎச் 4.6 வரை இறங்க வேண்டும். கொதிக்கும் பாலுக்கு அவ்வளவு அமிலம் வேண்டாம், 5.8 போதும். காய்ச்சாமல் வெளியே வைத்த காலைப் பால் நாக்குக்குப் புளிக்காமலேயே இருக்கும், சாயங்காலம் அடுப்பில் வைத்ததும் திரியும். காரணம் இதுதான்.

தயிர் உறைவதும் பால் திரிவதும் ஒரே வேதியியல் என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. பிரை ஊற்றிய பாலில் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் சுரக்கின்றன. யாரும் கிளறுவதில்லை. உருண்டைகள் பொறுமையாகக் கைகோத்து ஒரு வலையாகி, நீர் முழுவதையும் தமக்குள் பிடித்து வைக்கின்றன. கொதிக்கும் தக்காளியில் அதே காரியம் நொடிகளில், கரண்டி சுழலச் சுழல நடக்கிறது. வலை பின்ன நேரமில்லை. கட்டி கட்டியாகச் சேர்ந்து நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறது.

அப்படியானால் மோர்க்குழம்பு எப்படித் திரியாமல் இருக்கிறது? புளித்த தயிர், மேலே அடுப்புச் சூடு. கெடுவதற்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கின்றன. காப்பாற்றுவது ஊறவைத்து அரைத்துவிடும் அரிசியும் துவரம்பருப்பும்தான். அரிசி மாவுச்சத்தின் மணிகள் 65-70 டிகிரி செல்சியஸை ஒட்டி நீரை உறிஞ்சி உப்புகின்றன, அவற்றிலிருந்து அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலி வெளியே கசிகிறது. திரவம் கெட்டிப்படுகிறது. அதன் நடுவே கேசீன் உருண்டைகள் ஒன்றையொன்று சந்திப்பது குறைகிறது. சந்தித்தாலும் சேரும் கொத்து சிறியதாகவே நின்றுவிடுகிறது, நாக்கில் மணலாகத் தட்டுவதில்லை. நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும் என்ற கண்டிப்பு இதன் மறுபாதி. மாவுச்சத்து தரும் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு, தளதளவென்று கொதித்தால் அதுவும் தோற்கும்.

பாஸ்தா வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சாஸில் சேர்ப்பதன் ரகசியமும் இதே. அது கோதுமையின் வடிகஞ்சி. சோறு வடிக்கும் வீட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 1922 முதல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நடக்கிறது, தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. டெல்டாவின் எந்த நெல் ரகத்தின் கஞ்சி ஒரு பால் குழம்பை எவ்வளவு நேரம் திரியாமல் காக்கும் என்பது போன்ற அடுக்களைக் கேள்விக்குப் பணம் ஒதுக்கினால் வீண்செலவு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பெரிய ஏற்றுமதிக் கனவுகளுக்குப் போகும் நிதியில் ஒரு துளி இதற்கும் வரலாம்.

இனி சமையல். மூன்று பேருக்கு 200 கிராம் பென்னே பாஸ்தா. பாக்கெட்டில் துரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மைதாவில் செய்தது சீக்கிரம் குழைந்துவிடும், துரம் கோதுமையின் குளூட்டன் என்ற புரத வலை மாவுச்சத்தை இறுகப் பிடித்திருக்கும். நிறையத் தண்ணீரில் வேகவைக்கச் சொல்வார்கள், ஆனால் இந்தச் சாஸுக்கு 1.2 லிட்டர் போதும். தண்ணீர் குறைந்தால் கஞ்சி கெட்டியாகும். உப்பு 12 கிராம். வேதாரண்யம், தரங்கம்பாடிப் பக்கம் போர் தண்ணீரே கரிக்கும், அங்கே குடிதண்ணீரில் வேகவையுங்கள். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள். ஒரு கப் கஞ்சியைத் தனியே வைத்துக்கொண்டு மீதியை வடியுங்கள். வடித்த பாஸ்தாவைத் தண்ணீரில் அலசக் கூடாது, மேலே ஒட்டிய மாவுச்சத்துதான் நமக்கு வேண்டியது.

இறால் தலையோடு 600 கிராம் வாங்கினால் உரித்தபின் ஏறத்தாழ 300 கிராம் தேறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது. அப்போது பெரும்பாலும் பண்ணையில் வளர்க்கும் வனாமி வகை இறால்தான் கிடைக்கும், தாராளமாக வாங்கலாம். தலையை உடனே கிள்ளி எடுங்கள். தலைக்குள் உள்ள செரிமான நொதிகள் ஐஸ் இல்லாத வெயிலில் சதையைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். உறைய வைத்த பாக்கெட் இறாலாக இருந்தால் முழுதாக உருகவிட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். அதன் நீர் வாணலியில் இறங்கினால் இறால் வதங்காது, அவியும்.

தலை, ஓட்டைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் மிதமான தீயில் ஐந்து நிமிடம் வறுத்தால் எண்ணெய் ஆரஞ்சு நிறமாகும். உயிருள்ள இறாலின் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து சாம்பல், நீலமாகத் தெரிகிறது. சூட்டில் புரதம் குலைந்ததும் நிறமி விடுபட்டுத் தன் சொந்த நிறத்தைக் காட்டுகிறது. அது கொழுப்பில் கரையும், நீரில் கரையாது. அதனால்தான் முதலில் எண்ணெய், பிறகு தண்ணீர். 200 மில்லி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் சிறுதீயில் வைத்து வடிகட்டுங்கள்.

அகன்ற வாணலியில் ஒரு கரண்டி வெண்ணெய், ஒரு கரண்டி எண்ணெய். இறாலை ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் வீதம் வதக்கி வெளியே எடுத்துவிடுங்கள். வளைந்து அரைவட்டமாக இருந்தால் சரி, முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர். கணவாய் சேர்ப்பதானால் வளையமாக நறுக்கி, பெருந்தீயில் ஒன்றரை நிமிடம், அதற்குமேல் வேண்டாம். தாண்டினால் கடினமாகும், மறுபடி மிருதுவாக அரைமணிக்கு மேல் வேக வேண்டும்.

அதே வாணலியில் எட்டுப் பல் பூண்டு, பத்து சின்ன வெங்காயம், ஒன்றிரண்டாக இடித்த ஆறு காய்ந்த மிளகாய். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் நீரில் அநேகமாகக் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். எனவே எண்ணெயில் முதலில் போட வேண்டியது இது. கருகவிடாதீர்கள், இருமல் வரும், கசக்கும். கேப்சைசின் நாக்கில் பற்றிக்கொள்வது டிஆர்பிவி1 எனப்படும் நரம்பணுக் கதவை. 43 டிகிரிக்கு மேலான சூட்டுக்குத் திறப்பதும் அதே கதவுதான், ஆகவே சூடான காரம் இரட்டிப்பாக எரிகிறது. இதைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். க்ரீமின் கொழுப்பும் கேசீனும் கேப்சைசினைத் தம்மோடு இழுத்துக்கொள்வதால், க்ரீம் சேர்த்தபின் காரம் அடங்கும். உங்கள் வழக்கத்துக்குச் சற்றுக் கூடுதலாக மிளகாய் போட இதுவே காரணம்.

இரண்டு நடுத்தரத் தக்காளியை அரைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை சுண்டவையுங்கள். சுண்டினால் அமிலம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், நீர்தான் போகும். ஆகவே இங்கே தக்காளியின் அளவைக் கூட்டாமல் இருப்பதே தற்காப்பு. வடிகட்டிய ஓட்டுச் சாறு, அரை கப் பாஸ்தா கஞ்சி இரண்டையும் ஊற்றி ஒரு கொதி விடுங்கள். தீயைக் குறைத்து, கொதி முழுதாக அடங்கியபின் 150 மில்லி க்ரீம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றாமல், ஒரு கரண்டி சூடான சாஸை க்ரீமில் கலந்து வெதுவெதுப்பாக்கி ஊற்றுங்கள். கடையில் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீம் பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்பு. கொழுப்பு கூடக் கூடத் திரியும் ஆபத்து குறையும், க்ரீமுக்குப் பதில் வெறும் பாலை ஊற்றினால் கூடும். பால்தான் இருக்கிறது என்றால் ஒரு டீஸ்பூன் அரிசி மாவை ஆறின பாலில் கரைத்து ஊற்றுங்கள், கஞ்சியின் வேலையை அது செய்யும்.

ஒரு க்யூப் ப்ராசஸ்டு சீஸைத் துருவிப் போடுவதை நான் பரிந்துரைப்பேன். அதில் உள்ள சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கேசீனைக் கட்டியாகவிடாமல் பரப்பி வைக்கின்றன. கடல் உணவுப் பாஸ்தாவில் சீஸ் போடுவது பாவம் என்று இத்தாலியில் பலர் சொல்வார்கள். அது அவர்கள் ருசி மரபு, வேதியியல் தடை எதுவும் இல்லை.

மாமியாரின் விதிக்கு வருவோம். மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டால் தோலில் வெண்புள்ளி வரும் என்று நம் ஊரில் பிள்ளைகளை மிரட்டுவது இன்றும் நிற்கவில்லை. வெண்புள்ளி வருவது உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களைத் தாக்குவதால். சாப்பாட்டுச் சேர்க்கையால் வருவதல்ல, ஒட்டுவதும் அல்ல. வங்காளிகள் தயிரில் மீனைச் சமைத்து விருந்தே வைக்கிறார்கள். இந்த நம்பிக்கை வெறும் சமையல் விதியாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். வெண்புள்ளி உள்ளவர் எதையோ தின்று வரவழைத்துக்கொண்டார் என்ற பழியாகி, கல்யாணப் பேச்சுவரை போய் நிற்கிறதே, அதுதான் கோபம் வரவழைக்கிறது. உண்மையில் கவனிக்க வேண்டியது ஒவ்வாமை. இறாலில் ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோப்போமயோசின் என்ற புரதம் வேகவைத்தாலும் அழியாது. உதடு வீங்குகிற, மூச்சுத் திணறுகிற ஆளுக்கு இறாலே ஆகாது, பாலோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும்.

க்ரீம் சேர்ந்த சாஸில் பாஸ்தாவைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டினால் மீதி வேக்காடு முடிந்துவிடும். இறுகினால் கஞ்சி விட்டுத் தளர்த்துங்கள். இறாலைத் திரும்பப் போட்டு அடுப்பை அணையுங்கள். மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன் இப்போது, முன்பே போட்டால் வாசனை ஆவியாகிவிடும். எலுமிச்சை பிழிய ஆசைப்பட்டால் தட்டில் மட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சாஸ் கெட்டால் எந்த வகையில் கெட்டது என்று பாருங்கள். மேலே ஆரஞ்சு எண்ணெய் மிதந்தால் எண்ணெயும் நீரும் கலந்து நின்ற பால்மம் உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கரண்டி கஞ்சி விட்டு வேகமாகக் கிளறினால் சேர்ந்துவிடும். வெள்ளைப் பொரியும் தெளிந்த நீருமாக நின்றால் கேசீன் ஒட்டிக்கொண்டுவிட்டது, அதைப் பிரிக்க வழியில்லை. இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டு, ஆறவைத்து மிக்ஸியில் ஓட்டினால் பொரி நைந்து நாக்குக்குத் தெரியாமல் போகும்.

மிச்சத்தை ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். குளிரில் அமைலோஸ் இறுகிப் பாஸ்தா கட்டியாக இருக்கும். மூன்று கரண்டி தண்ணீர் விட்டு, மூடி போட்டு, சிறுதீயில் ஆவி வரும்வரை சூடாக்குங்கள். இறால் அப்போது கொஞ்சம் இறுகத்தான் செய்யும்.