கான்கிரீட் ஆராய்ந்த எலும்பு டாக்டர்

நான் வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் புத்தகம் கேட்டு வருகிறவர்களைவிட, "சார், என்னோட எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். ஒருவருடைய ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண் அது. பதவி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டால் வரிசையே நிற்கும்.

போன வாரம் வந்தவர் எலும்பு முறிவு மருத்துவர். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தன் பெயரில் உள்ள பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். 112 கட்டுரைகள், எச்-இன்டெக்ஸ் 17. "அப்படியே பயோடேட்டாவில போட்டுடலாமா?" என்றார். மூன்றாவது வரியில் சாம்பல் கலந்த கான்கிரீட்டின் வலிமை. அதற்குக் கீழே நெற்பயிரில் குலைநோய்.

"டாக்டர், கான்கிரீட் எப்ப பண்ணீங்க?"

அவர் பொய் சொல்லவில்லை, பாவம். பக்கத்தைத் தொடங்கும்போது கட்டுரைகளைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் வசதியை அப்படியே விட்டிருக்கிறார். அதே இனிஷியலும் அதே பெயரும் கொண்ட எல்லாருடைய உழைப்பும் அவர் கணக்கில் வந்து விழுந்துவிட்டது. உட்கார்ந்து களைந்தோம். மிஞ்சியது 19 கட்டுரைகள். இந்த ஆண்டில் இவர் நான்காவது ஆள்; அதனால்தான் எழுதுகிறேன்.

குடும்பப் பெயர் இல்லாத நமக்கு இது கூடுதல் தலைவலி. ஆய்விதழ்களின் படிவம் 'கடைசிப் பெயர்' கேட்கும். நாம் அப்பா பெயரை விரித்து எழுதுவோம். மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டில் 'குப்புசாமி எஸ்' என்று ஏறிவிடும். ஆராய்ச்சி செய்தது செந்தில், மேற்கோள் எல்லாம் அப்பா குப்புசாமி பெயரில்! அடுத்த கட்டுரையில் 'செந்தில் கே'. இப்போது ஒரே ஆள் இரண்டு ஆள். முதல் கட்டுரை அனுப்பும் முன்பே ஆர்கிட் எண், அதாவது ஆய்வாளருக்கான அடையாள எண், வாங்குங்கள். 16 இலக்கம், காசு கிடையாது, ஐந்து நிமிட வேலை. பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள், கடைசிவரை.

சரி, பெயர்க் குழப்பத்தைத் திருத்திவிடலாம். சைட்டேஷன், அதாவது மேற்கோள், கூடினால் ஆய்வு நல்லது என்ற நம்பிக்கையைத்தான் என்னால் திருத்த முடியவில்லை. எத்தனை தடவை சொல்வது? மேற்கோள் என்பது பாராட்டுப் பத்திரம் அல்ல. ஒருவரைத் திட்டுவதென்றாலும் அவர் கட்டுரையை மேற்கோள் காட்டித்தான் திட்ட வேண்டும். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1998இல் 'லான்செட்' மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்குப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனில் அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. அந்தக் கட்டுரைக்கு மேற்கோள்கள் ஆயிரத்தைத் தாண்டும். பெரும்பாலானவை அதை மறுத்து எழுதியவை. எண்ணுகிற மென்பொருளுக்கு அது தெரியுமா? ஒன்று, இரண்டு என்று கூட்டிக்கொண்டே போகும். அதே இதழில் 2020 மே 22இல் வந்த, கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கொடுப்பது பற்றிய கட்டுரை ஜூன் 4இல் திரும்பப் பெறப்பட்டது. பதின்மூன்றே நாள். அதன் பிறகும் அதை மேற்கோள் காட்டியவர்கள் இருக்கிறார்கள். படிக்காமலேதான், வேறென்ன.

எச்-இன்டெக்ஸும் இந்த எண்ணிக்கை வேலைதான். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்னது. பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து மேற்கோள் பெற்றால் 10. ஒரே கட்டுரை எழுதி 900 மேற்கோள் வாங்கியவருக்கு? 1. ஆறு கட்டுரைக்கும் ஆறாறு மேற்கோளை நண்பர்களிடம் கேட்டு வாங்கியவருக்கு 6.

சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மையத்தின் ஆய்வு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் கிடந்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள் என்று காட்டியது. காசநோயாளியை மாதக்கணக்கில் குடும்பத்தைவிட்டுப் பிரித்து வைக்கும் வழக்கத்தை உலகெங்கும் அசைத்த ஆய்வு அது. அதற்கு எத்தனை சைட்டேஷன் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

அப்புறம் இம்பாக்ட் ஃபாக்டர். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்ற கணக்கு. அது இதழுக்கு உரியது, உங்களுக்கு உரியதல்ல. 'மொத்த இம்பாக்ட் ஃபாக்டர் 46' என்று கூட்டிப் போடுகிறார்கள்! சென்னை போட் கிளப் சாலையில் வாடகைக்கு இருப்பவர் அந்தத் தெருவின் கைடுலைன் மதிப்பைத் தன் சொத்தாகக் காட்டுவது போல.

இனி, கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள். 'மதிப்பிற்குரிய பேராசிரியரே' என்று மின்னஞ்சல் அனுப்பி, மூன்று நாளில் ஏற்றுக்கொண்டு, நாலாவது நாள் பணம் கேட்கும் இதழ் பக்கமே போகாதீர்கள். இதழின் முகப்பில் ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலின் சின்னம் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்கோப்பஸ் தளத்திலேயே போய், இந்த ஆண்டும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். நீக்கப்பட்டவை ஏராளம். பப்மெட்டுக்குள் தேர்ந்தெடுத்த இதழ்களின் பட்டியல்தான் மெட்லைன்; பப்மெட்டில் தெரிவதெல்லாம் மெட்லைன் இதழ் அல்ல. பார்வை நூல் பட்டியலில் சேர்க்கும் ஒவ்வொரு கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டதா என்று ஒருமுறை தேடுங்கள். பப்மெட்டே மேலே பட்டையாகப் போட்டுக் காட்டும்.

இளம் டாக்டர்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதையெல்லாம் சரிபார்க்க நூலகத்தில் ஆள் இருக்கிறோம். கட்டுரை அனுப்பும் முன்பு வாருங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் 112 வரிப் பட்டியலை அனுப்பி 'சார், அர்ஜென்ட்' என்று போடாதீர்கள்.