பெயர் தெரியாத புரோகிராமைத் தூக்குவதற்கு முன்

புது விண்டோஸ் லேப்டாப்பில் இன்ஸ்டால் ஆகியிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தால், நாம் போடாதவையே ஒரு பக்கத்துக்கு நீளும். வாயில் நுழையாத பெயர்கள். எல்லாவற்றையும் தூக்கிவிடலாம் என்று கை பரபரக்கும்.

எனக்கும் பரபரத்தது. 'ஹாட்கீ' என்று ஏதோ பெயரில் இருந்த ஒன்றை நீக்கிவிட்டேன். மறுநாள் திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசை வேலை செய்யவில்லை. கீபோர்டு பழுது என்றே இரண்டு நாள் நினைத்திருந்தேன். சில லேப்டாப்களில் அந்த விசையை அழுத்தினால் 'இந்த விசை அழுத்தப்பட்டது' என்ற செய்தி மட்டும்தான் போகும். அதைக் கேட்டு வெளிச்சத்தைக் கூட்டுவது பின்னணியில் ஓடும் ஒரு குட்டி புரோகிராம். நான் தூக்கியது அதைத்தான்.

இன்னொரு வகை, பட்டியலில் ஆண்டு ஆண்டாக வரிசைகட்டி நிற்கும் மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள். 2010, 2013, 2015-2022 என்று இருக்கும். ஒவ்வொன்றிலும் எக்ஸ்86 (32-பிட் புரோகிராம்களுக்கு), எக்ஸ்64 (64-பிட் புரோகிராம்களுக்கு) என இரண்டு. ஒரே பொருள் பல தடவை ஏறிவிட்டது போலத் தெரியும், ஆனால் அப்படி இல்லை. பல புரோகிராம்கள் தமக்கு வேண்டிய அடிப்படைக் கோப்புகளைத் தாமே சுமந்து வராமல், இந்தப் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. 2010-ஐ நம்பி எழுதப்பட்டதற்கு 2013 உதவாது. ஒன்றை நீக்கினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு கேமைத் திறக்கும்போது, 'இந்த டிஎல்எல் கோப்பைக் காணோம்' என்று வந்து நிற்கும். இவை பிடிக்கும் இடமும் அற்பம். விட்டுவிடுங்கள்.

சோதனைக்கால ஆன்டிவைரஸ் கதை வேறு. அதைத் தயாரித்தவர்கள் லேப்டாப் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து உள்ளே ஏற்றியது அது. வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்வரை விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். அந்த வேறொன்றை நீக்கியதும் டிஃபெண்டர் தானாக வேலைக்குத் திரும்பிவிடும். காசு கட்டித் தொடரப்போவதில்லை என்றால் தயங்காமல் நீக்கலாம்.

நீக்கினாலும் முழுதாகப் போகாதவையும் உண்டு. 2014-15-இல் லெனோவோவின் சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் ஏற்றப்பட்டு வந்தது. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்குள்ளும் விளம்பரத்தைச் செருக, அது, ஓர் இணையப் பக்கம் அசல்தான் என்று உறுதி சொல்லும் சான்றிதழ்களின் வகையில் தன்னுடையது ஒன்றை விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அந்தச் சான்றிதழுக்கு எல்லா லேப்டாப்களிலும் ஒரே ரகசியச் சாவி! அது வெளியே தெரிந்ததும், யார் வேண்டுமானாலும் போலி வங்கிப் பக்கத்தை அசல்போலக் காட்டலாம் என்ற நிலை. புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்தாலும் அந்தச் சான்றிதழ் அப்படியே இருந்தது. அதைத் தனியாகத் தேடி அழிக்க வேண்டியிருந்தது.

சரி, எப்படி முடிவெடுப்பது? பெயரை விட, பட்டியலில் தயாரித்தவர் யார் என்று காட்டும் இடத்தை முதலில் பாருங்கள். இன்டெல், ரியல்டெக் போன்ற சிப் தயாரிப்பாளர்கள் என்றால் பெரும்பாலும் டிரைவரோடு (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) தொடர்புடையது, கை வைக்க வேண்டாம். சந்தேகம் தீராதவற்றை உடனே நீக்காமல் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் (கணினி தொடங்கும்போது தானாக ஓடுபவற்றின் பட்டியல்) முடக்கி வைத்து, ஒரு வாரம் வழக்கம்போல வேலை பாருங்கள். சத்தம், டச்பேட், வைஃபை, ஸ்லீப்பிலிருந்து எழுவது எல்லாம் ஒழுங்காக இருந்தால், விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போட்டுவிட்டு நீக்கலாம். முடக்கியதைத் திரும்பக் கொண்டுவர ஒரு சொடுக்கு போதும். நீக்கியதைத் தேடிப்பிடிக்க ஒரு மாலை முழுக்கப் போகும்.

அப்புறம், விண்டோஸையே புதிதாகப் போட்டாலும் சில புரோகிராம்கள் திரும்ப வந்துவிடும். பேய் வேலை இல்லை. விண்டோஸ் 8 முதல், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளில் தயாரிப்பாளர் வைத்திருக்கும் ஒரு புரோகிராமை எடுத்து, கணினி தொடங்கும்போதே ஓட்டும் வசதி இருக்கிறது. அப்படி வருவதை விண்டோஸுக்குள் எத்தனை முறை நீக்கினாலும் பயனில்லை. கணினி தொடங்கும்போதே, விண்டோஸுக்கு வெளியே திறக்கும் பயாஸ் அமைப்பில் அதை அணைக்க வழி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.