நெகட்டிவ் சிம்ப்டம்: எதிர்மறையா, இன்மையா?

மனச்சிதைவு நோயைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'நெகட்டிவ் சிம்ப்டம்' என்பதை 'எதிர்மறை அறிகுறி' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அதைப் படிக்கிற ஒரு அம்மாவுக்கு என்ன தோன்றும்? பையன் எதிர்மறையாக நினைக்கிறான், எடுத்ததற்கெல்லாம் மறுத்துப் பேசுகிறான் என்றுதானே? உண்மையில் அவன் மறுத்துப் பேசவில்லை, பேசுவதே குறைந்துவிட்டது. முகத்தில் உணர்ச்சி தெரிவதில்லை. குளிக்கவோ வெளியே போகவோ பழைய நண்பனுக்குப் போன் போடவோ உள்ளே ஒரு உந்துதல் எழவில்லை. வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நெகட்டிவ் என்பதன் வேர் லத்தீன், 'இல்லை என்று சொல்வது' என்ற பொருள். 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் நரம்பியல் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், மூளை பாதிக்கப்படும்போது இருந்த திறன் போய்விடுவதை நெகட்டிவ் என்றும், இல்லாதது புதிதாகத் தலைதூக்குவதைப் பாசிட்டிவ் என்றும் பிரித்தார். யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பது பாசிட்டிவ், அதில் நல்லது எதுவும் இல்லை. ஆக, இது கூடுதலும் குறைவும் பற்றிய சொல். பசியின்மை, தூக்கமின்மை என்று மருத்துவத்தில் ஏற்கெனவே சொல்கிறோமே, அதே வழியில் 'இன்மை அறிகுறி' என்றால் போதும்.

சரி, இல்லாத ஒன்றை எப்படி அளப்பது? 1980-களில் அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசன் இதற்கென்றே ஓர் அளவையை, அதாவது ஒவ்வொரு அறிகுறிக்கும் மதிப்பெண் போடும் பட்டியலை, உருவாக்கினார். மனச்சிதைவின் அறிகுறிகளை மொத்தமாக அளக்க 1987-இல் வந்த பான்ஸ் (PANSS) அளவையில் 30 கூறுகள், அவற்றில் 7 இன்மை அறிகுறிகளுக்கு. இங்கேதான் 'வேலிடேஷன்' என்ற அடுத்த சொல் வருகிறது. வலிமை என்று பொருள்படும் லத்தீன் வேர். தமிழில் 'ஏற்புடைமை காணல்' எனலாம். நம்பகத்தன்மை வேறு, இது வேறு. முகம் இறுகி உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு மருத்துவர்கள் ஒரே மதிப்பெண் போட்டால் அது நம்பகம். ஆனால் அந்த இறுக்கம் மாத்திரையின் பக்கவிளைவாகவோ மனச்சோர்வாகவோ இருந்தால், இருவரும் சேர்ந்தே வேறொன்றை அளந்திருக்கிறார்கள். ஏற்புடைமை கேட்பது அதைத்தான்: நீ அளந்தது இன்மையைத்தானா?

இந்தக் கேள்வியில் பான்ஸே கொஞ்சம் சறுக்கியது. அதன் ஏழில் ஒன்று அருவமாகச் சிந்திப்பதில் உள்ள சிரமம், அது அறிதிறன் (நினைவு, கவனம், சிந்தனை) சார்ந்தது, இன்மை அறிகுறி அல்ல என்பதே இன்றைய பார்வை. 2005-இல் அமெரிக்காவில் கூடிய வல்லுநர்கள் இன்மை அறிகுறிகளாக ஐந்தை வரையறுத்தார்கள்: உணர்ச்சி வெளிப்பாடு மழுங்கல், பேச்சுக் குறைவு, பழகும் நாட்டமின்மை, இன்பமின்மை, முனைப்பின்மை. அப்புறம் வந்த பி.என்.எஸ்.எஸ். (BNSS, 2011), கெய்ன்ஸ் (CAINS, 2013) என்ற இரண்டு அளவைகளும் இதை ஒட்டியவை, இரண்டிலும் 13 கூறுகள். எனக்கு இவற்றில் பிடித்த விஷயம், என்ன செய்தார் என்பதோடு நிற்காமல் உள்ளுக்குள் விரும்பினாரா என்றும் கேட்பது. ஏனென்றால் கையில் காசில்லாமல், ஊர் ஒதுக்கிவைத்து வீட்டிலேயே கிடப்பவருக்கு நண்பர்கள் இல்லாததை நோயின் கணக்கில் எழுத முடியாது.

அளவையைத் தமிழாக்கினால் ஏற்புடைமையைத் தமிழில் மறுபடி காண வேண்டும், சொற்களை மாற்றிவைத்தால் மட்டும் ஆகாது. "சந்தோஷமா இருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டால் நம் ஆட்கள் மரியாதைக்காவது "இருக்கேன் டாக்டர்" என்பார்கள். "போன வாரம் எதுக்காவது ஆசையா காத்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறாக வரலாம்.