இரை எடுக்காத பாம்பும் மலைக் குளிரும்

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீட்டில் வளரும் பால் பைதான் (ball python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு இரை எடுக்க மறுத்தால், முதலில் பார்க்க வேண்டியது பாம்பை அல்ல, அதன் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியை. சமவெளியில் இதே சிக்கலுக்குப் பத்துக் காரணம் தேடலாம். மலையில் பெரும்பாலும் குளிரில் தொடங்கினாலே விடை கிடைத்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் பால் பைதான், கார்ன் ஸ்நேக் போன்ற வெளிநாட்டு இனங்களுக்குத்தான். சாரை, மண்ணுளி என்று நம் மண்ணின் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி குற்றம். பால் பைதான், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இனம் என்பதால், அதை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, சுற்றுப்புறத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. ஆனால் எலியை முழுசாக விழுங்கிச் செரிப்பது மிகப் பெரிய வேலை. பட்டினி கிடக்கும் மலைப்பாம்பின் குடல் சுருங்கியே இருக்கும். இரை உள்ளே போன ஓரிரு நாளில் குடலின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, வயிற்றில் அமிலம் ஊறுகிறது, ஆக்சிஜன் தேவை பல மடங்கு கூடுகிறது. பர்மிய மலைப்பாம்பில் இதயத் தசையே 48 மணி நேரத்தில் சுமார் 40 சதவீதம் பெருத்ததை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். இத்தனையும் நடக்க உடம்பில் சூடு வேண்டும். சூடு போதாவிட்டால் செரிமான நொதிகள் மந்தமாகும், விழுங்கிய எலி செரிப்பதற்கு முன் வயிற்றிலேயே அழுகும், பாம்பு அதைக் கக்கும். கக்குவது பாம்பின் உடலை மோசமாகப் பாதிக்கும். ஆகவே குளிர்ந்த பெட்டியில் இரையை மறுக்கும் பாம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்றே கொள்ள வேண்டும்.

பால் பைதானின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகள். ஊட்டி இருப்பதோ சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், சனவரி இரவுகளில் உறைபனி விழும் இடத்தில். பெட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, இரவில் எந்த மூலையிலும் 24-க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 29 முதல் 31, குளிர்ந்த பக்கம் 22 முதல் 24 போதும். பெட்டியில் ஒட்டும் முள் வெப்பமானியை நம்பாதீர்கள். கம்பி முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானிகள் இரண்டை, பக்கத்துக்கு ஒன்றாக, பாம்பு படுக்கும் தரை மட்டத்தில் வையுங்கள். குறைந்தபட்ச அளவைப் பதிவு செய்யும் வகையாக வாங்கினால் விடியற்காலை நான்கு மணிக்கு என்ன நடந்தது என்பது காலையில் தெரிந்துவிடும். பகலில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், பிசகுவது அந்த நேரத்தில்தான்.

பலரும் கண்ணாடித் தொட்டிக்கு அடியில் மின்சாரத்தில் சூடாகும் விரிப்பான ஹீட் மேட்டை ஒட்டிவிட்டுப் போதும் என்று இருக்கிறார்கள். சென்னையில் அது போதும். அறையே 9 டிகிரியில் இருக்கும்போது மேட் கண்ணாடியை மட்டும்தான் சூடாக்கும், ஒரு சாண் மேலே காற்று சில்லென்றே இருக்கும். பாம்பு சூடு தேடி விரிப்பைக் குடைந்து கண்ணாடியில் வயிற்றை அழுத்திக் கிடக்கும். சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் அப்படித்தான் வயிறு பொசுங்குகிறது. காற்றைச் சூடாக்கச் செராமிக் ஹீட்டர் பல்பு வேண்டும். அதையும் தெர்மோஸ்டாட்டில் இணைத்து, பாம்பு தொட முடியாதபடி கம்பிக்கூண்டு போட வேண்டும். தொட்டியின் மூன்று பக்கமும் வெளிப்புறமாக ஓர் அங்குலத் தெர்மோகோல் ஒட்டினால் சூடு வீணாவது நன்றாகக் குறையும். ஹீட்டரும் மேட்டும் இருக்கும் இடத்தில் மட்டும் தெர்மோகோல் படக் கூடாது. அறைக்குக் கரிக் கணப்பு வைப்பது வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் அதன் கார்பன் மோனாக்சைடு மனிதர் உயிரையும் வாங்கும்.

ஈரப்பதத்திலும் மலை ஏமாற்றும். வெளியே மூடுபனி, ஈரப்பதம் 100 சதவீதம், பெட்டிக்குள் எதற்குத் தண்ணீர் என்று தோன்றும். 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 9 கிராமுக்குச் சற்று மேல்தான். அதே காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 30 கிராம் தாங்கும். உள்ளிருக்கும் நீராவி கூடுவதில்லை, ஆகவே ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பால் பைதானுக்கு வேண்டியது 55 முதல் 65. வறண்ட காற்றில் சட்டை துண்டு துண்டாக உரியும், உடல் நீர் குறையும், பசியும் போகும். பெரிய தண்ணீர்க் கிண்ணத்தைச் சூடான பக்கம் நகர்த்துங்கள், ஒரு மறைவிடத்துக்குள் ஈரப் பாசி வையுங்கள்.

சூடும் ஈரமும் சரியாகி ஒரு வாரம் கழித்தும் மறுக்கிறதா? கண் பால் படர்ந்தாற்போல நீலம் பாரித்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, உரித்து முடியும்வரை விட்டுவிடுங்கள். வளர்ந்த ஆண் பால் பைதான் இனப்பெருக்கப் பருவமான குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது வழக்கம். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகாத பாம்பைத் தொடவே கூடாது. உடம்பு நாலாபுறமும் உரசும் அளவுக்கு இறுக்கமான மறைவிடம் இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கட்டும். ஒளிய இடமில்லாத பாம்புக்கு எலி இரையாகத் தெரியாது, தொல்லையாகத்தான் தெரியும்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் எடை போட்டு எழுதி வையுங்கள். எடை நிலையாக இருக்கும் வளர்ந்த பாம்பு எத்தனை வாரம் பட்டினி கிடந்தாலும் பதற வேண்டியதில்லை. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். குட்டியானால் அவ்வளவு காத்திருக்கக் கூடாது.

இரை கொடுக்கும் முறையிலும் குளிர் குறுக்கே நிற்கும். உறைந்த எலியை முதல் நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். மாலையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு 40 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் குடல் வெந்து வயிறு வெடிக்கும். பால் பைதானின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை, எலியின் தலை சூடாக இருந்தால்தான் அவை அதை இரையாகக் காட்டும். ஊட்டி அறையில் சின்ன எலி சில நிமிடத்திலேயே ஆறிவிடும். ஆகவே பெட்டியருகே வந்ததும் ஹேர் டிரையரால் தலையை மறுபடி சூடேற்றி, விளக்கை அணைத்து, நீண்ட இடுக்கியால் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். கார்ன் ஸ்நேக்குக்கு அந்தக் குழிகள் இல்லை, அது வாசனையைத்தான் நம்புகிறது. இரையின் பருமன் பாம்பின் நடு உடம்பை மீற வேண்டாம். கால் மணி நேரத்தில் எடுக்காவிட்டால் மறைவிட வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், காலையில் மிஞ்சியிருந்தால் எறிந்துவிடுங்கள். அடுத்த முயற்சி குட்டிக்கு ஒரு வாரம் கழித்து, பெரியதற்கு இரண்டு வாரம் கழித்து. தினமும் நீட்டி நீட்டிப் பார்ப்பதுதான் பாம்பைப் பிடிவாதக்காரனாக்குகிறது.

உயிருள்ள எலியை உள்ளே விடுவது கொடுமை. பசிக்காத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். வாயைத் திறந்து திணிப்பது அதைவிட மோசம், உணவுக்குழாய் கிழியும். குழாய் வழி ஊட்டுவது மருத்துவரின் வேலை.

தென்மேற்குப் பருவமழையில் நீலகிரியில் மரம் விழுந்து மின்சாரம் போவது புதிதல்ல. பலத்த மழை எச்சரிக்கை உள்ள வாரத்தில் இரை கொடுக்காதீர்கள். வெறும் வயிற்றுப் பாம்பு ஒரு குளிர்ந்த இரவைத் தாங்கும், எலியைச் சுமந்த பாம்புக்குத்தான் ஆபத்து. துணி சுற்றிய வெந்நீர்ப் பையைப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்து, காற்றுக்கு இடம்விட்டுக் கம்பளியால் போர்த்தினால் அந்த இரவை ஓட்டலாம்.

மூச்சில் விசில் சத்தம், மூக்கில் நுரைக்குமிழி, வாயைத் திறந்தபடி தலையைத் தூக்கிக் கிடப்பது, ஈறில் சீழ், செதிலடியில் ஊரும் கரும்புள்ளிப் பேன், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஊட்டியிலிருந்து கோவைக்குப் போவதானால் பாம்பைத் துணிப்பையில் கட்டி, துளையிட்ட தெர்மோகோல் பெட்டியில் வெந்நீர்ப் பையோடு வையுங்கள். மலை இறங்கும் வழியில் பர்லியாறு வந்ததும் வெந்நீர்ப் பையை எடுத்துவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் வெயில் வேறு, மூடிய பெட்டி சட்டென்று கொதித்துவிடும். கக்கிய பாம்பானால் திரும்பி வந்தபின் இரண்டு வாரம் தண்ணீர் மட்டும். பிறகு வழக்கமான அளவில் பாதி எலி, அது செரித்து எச்சம் வந்த பிறகே அடுத்தது.