சொல் விளக்கம்: கோதுமைக் குலைநோய்

ஆங்கிலத்தில் 'வீட் பிளாஸ்ட்' என்று ஒரு நோய். பிளாஸ்ட் என்றதும் 'வெடிப்பு நோய்' என்று மொழிபெயர்க்கத்தான் கை போகும். ஆனால் இந்த நோயில் எதுவும் வெடிப்பதில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் பலமாக வீசும் காற்று. கெட்ட காற்று பட்டுப் பயிர் கருகியது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். கருகலுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. இத்தாலியிலும் பிரேசிலிலும் 'புருசோனே' என்கிறார்கள். அது எரிதல் என்ற வினையிலிருந்து வந்த பெயர்.

தமிழில் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. நெல்லுக்கு இதே இனத்துப் பூஞ்சாணத்தால் வரும் நோயை நாம் குலைநோய் என்கிறோம். கேழ்வரகுக்கும் அதே பெயர்தான். 1919இல் தஞ்சை டெல்டாவின் நெற்பயிரை உலுக்கிய நோய் இது. இலையில் வந்தால் இலைக் குலைநோய், கதிரின் கழுத்தில் வந்தால் கழுத்துக் குலைநோய். 'குலை' என்பதற்குக் கொத்து என்ற பொருளும் உண்டு, வாழைக்குலை என்பதைப் போல. ஆனால் இங்கே நிலைகுலைதல், உருக்குலைதல் என்பதில் வரும் வினைதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே கோதுமைக் குலைநோய் என்றே எழுதலாம்.

நோய் எப்படி இருக்கும்? கதிரின் நடுத்தண்டில் ஓரிடத்தில் கரும்புள்ளி விழும். அதற்கு மேலே நீரும் சத்தும் ஏறாது. புள்ளிக்குக் கீழே கதிர் பச்சையாகவே நிற்க, மேலே முழுக்க வெளுத்து வைக்கோல் நிறமாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் விளைந்த வயல் என்றே நினைக்கத் தோன்றும். கதிரைக் கசக்கினால் சுருங்கிய மணி, இல்லாவிட்டால் வெறும் பதர். பூக்கும் நேரத்தில் மழை பெய்து, கதிர் ஒரு நாளுக்கு மேல் ஈரமாகவே இருந்து, வெப்பமும் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் போதும், நோய் பற்றிக்கொள்ளும். அறிகுறி தெரிந்த பிறகு மருந்தடித்துப் பெரிய பயனில்லை.

பெயர் ஒன்றாக இருப்பதால் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நெல்லைத் தாக்கும் வகை வேறு, கோதுமையைத் தாக்கும் வகை வேறு. கோதுமையில் இந்நோயை முதலில் கண்டது 1985இல், பிரேசிலின் பரானா மாநிலத்தில். அங்கே அனாவாக் என்ற ரகத்தைப் பரவலாகப் பயிரிட்டிருந்தார்கள். புல்வகைகளில் வாழும் பூஞ்சாணத்தைத் தடுக்கும் ஒரு மரபணு அந்த ரகத்தில் இல்லை. அந்த வழியாகத்தான் அது கோதுமைக்குத் தாவியது என்று 2017இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டுகிறது. ஒரே ரகத்தைப் பரவலாக நட்டதற்குக் கொடுத்த விலை இது. அப்புறம் பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினா என்று பரவி, 2016இல் வங்கதேசத்தில் தலைகாட்டியது.

குஷ்டியா, மெஹர்பூர், ஜெஸ்ஸோர் என்று எட்டு மாவட்டங்களில் ஏறக்குறைய 15,000 ஹெக்டேர் பாதிக்கப்பட்டது. சில வயல்களைத் தீ வைத்தே அழித்தார்கள். சுற்றிலும் நெல் விளையும் நாடு என்பதால் நெல்லிலிருந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழத்தான் செய்யும். நோயுற்ற கதிர்களின் மரபணுவை ஒப்பிட்டபோது, வந்தது தென் அமெரிக்க வகை என்று தெரிந்தது. எல்லைக்கு இப்பால் மேற்கு வங்க அரசு, முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் கோதுமை சாகுபடியையே சில காலம் நிறுத்தி வைத்தது. கோதுமையை நம்பியிருந்த சிறு விவசாயிக்கு அது லேசான விஷயம் இல்லை.

பஞ்சாபில் நன்றாக விளையும் ரகத்தைக் கொண்டுவந்து, ஈரமும் சூடும் சேர்ந்த வங்காளத்து மண்ணில் போட்டால் சரியாக வரும் என்று சொல்ல முடியாது. நோய் இருக்கும் இடத்திலேயே சோதித்தாக வேண்டும். அதற்காகத்தான் ஜெஸ்ஸோரில் ஒரு சோதனை வயல் அமைத்தார்கள். வேண்டுமென்றே பூஞ்சாணத்தைத் தெளித்து, மூடுபனி போல நீர் பாய்ச்சி, எந்தக் கதிர் தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். பல நாட்டு விதைகள் அங்கே வருகின்றன. இந்திய ரகங்களும் உண்டு.

2017இல் வெளியான 'பாரி கோம் 33' வங்கதேசத்தின் முதல் குலைநோய் எதிர்ப்பு ரகம். மணியில் துத்தநாகச் சத்தும் கூடுதல். அதன் எதிர்ப்புத் திறன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து கோதுமைக்கு மாற்றப்பட்ட குரோமோசோம் துண்டிலிருந்து, அதாவது மரபணுக்கள் அடங்கிய இழையின் ஒரு துண்டிலிருந்து வருகிறது. அதை முதலில் கோதுமைக்குள் கொண்டுவந்தபோது குலைநோய் யார் மனதிலும் இல்லை. வேறு நோய்களுக்காகச் சேர்த்தது. ஆனால் அந்த ஒரு துண்டை மட்டும் நம்பியிருக்க முடியாது. தென் அமெரிக்காவில் அதையும் மீறித் தாக்கும் பூஞ்சாண வகைகள் வந்துவிட்டன. அதனால் வங்கதேச விவசாயிகளுக்கு ரகத்தோடு விதைப்புக் காலத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள்: நவம்பர் பிற்பாதிக்குள் விதைத்துவிட்டால், வெயில் ஏறி மழையும் சேரும் நாட்களுக்கு முன்பே பயிர் பூத்துவிடும்.