வெள்ளோட்டப் பதிப்பு: தேர்தலில் நிற்காத மென்பொருளுக்கு ஒரு பெயர்

'வெளியீட்டு வேட்பாளரைப் பதிவிறக்கிச் சோதிக்கவும்.' புவித்தகவல் பயிற்சி ஒன்றுக்காகத் தயாரித்த தமிழ்க் குறிப்பேட்டில் இந்த வரியைப் படித்தேன். இதே வேட்பாளரை முன்பே இரண்டு இடங்களில் சந்தித்துப் பொறுத்துக்கொண்டவன் நான். மூன்றாவது முறையும் வந்து கைகூப்பி நிற்கிறார். இனிப் பொறுப்பதற்கில்லை.

ஆங்கிலச் சொல் 'ரிலீஸ் கேண்டிடேட்'. ஆர்.சி. என்று சுருக்கிப் பதிப்பு எண்ணின் வாலில் ஒட்டுவார்கள். கட்டி முடித்தாகிவிட்டது, பெரிய பழுது எதுவும் தென்படாவிட்டால் இதுவே வெளியீடு என்ற நிலையில் இருக்கும் பதிப்பு அது. கேண்டிடேட்டின் வேர் லத்தீனில் 'வெள்ளையுடுத்தவன்'. பண்டைய ரோமில் பதவி நாடியவர்கள் சுண்ணாம்பு பூசி வெளுத்த அங்கியில் வலம் வந்ததால் வந்த பெயர். தமிழில் 'வேட்பாளர்' வேள் என்ற வேரில் பிறந்தது. வேட்கை, வேட்பு எல்லாம் அந்தக் குடும்பம்தான். விரும்பி முன்வருபவர் வேட்பாளர். பதவிக்கு நிற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

மென்பொருளுக்கு என்ன வேட்கை? முதல் கோளாறு அங்கே இருக்கிறது. இரண்டாவது கோளாறு திணை. 'ஆளர்' விகுதி மனிதருக்கு உரியது. எழுத்தாளர், பேச்சாளர், வேட்பாளர் என்று பழகிய காது, 'வேட்பாளர் நிறுவப்பட்டது' என்று கேட்டால் சுருங்குகிறது. இலக்கணம் பார்த்து 'நிறுவப்பட்டார்' என்று எழுதினாலோ சிலை திறப்பு விழாவாகிவிடுகிறது. மூன்றாவது, போட்டி. தேர்தலில் பலர் நிற்பார்கள், ஒருவர் வெல்வார். ஆர்.சி.க்கு எதிரே யாரும் நிற்பதில்லை. முதல் ஆர்.சி.யில் பழுது தெரிந்தால் அதைத் திருத்தி அடுத்த ஆர்.சி.யை விடுவார்களே ஒழிய, இரண்டையும் நிறுத்தி ஓட்டெடுக்க மாட்டார்கள். டெபாசிட் இழந்த மென்பொருளை எங்காவது கண்டதுண்டா?

'கேண்டிடேட்டுக்கு அகராதியில் வேட்பாளர் என்றுதானே இருக்கிறது' என்பார்கள். இருக்கட்டும். தேர்வு எழுதுபவரை நாம் தேர்வர் என்கிறோம். வேலைக்கு மனுப் போட்டவர் விண்ணப்பதாரர். பெண்ணுக்குப் பார்க்கும் பையன் வரன். 'மாப்பிள்ளை வேட்பாளர்' என்று எந்தத் தரகராவது பேசி, எந்தத் தாயாராவது காபி கொடுத்திருப்பாரா? ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்து ஓட்டுகிற இடங்களில் தமிழ் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறது. அதைக் கவனியாமல் முதல் பொருளைப் பிடுங்கி ஒட்டுவதற்கு மொழிபெயர்ப்பு என்று பெயர் சூட்டுகிறார்கள்.

மாற்றாக வேறு சிலர் 'சோதனைப் பதிப்பு' என்கிறார்கள். தவறில்லை, ஆனால் வாய் அகன்ற பாத்திரம் அது. இரவோடு இரவாக இயந்திரம் தொகுத்துத் தள்ளும் பதிப்பும் சோதனைப் பதிப்பு, ஆர்.சி.க்கு முந்தைய கட்டமான அரைகுறை பீட்டாவும் சோதனைப் பதிப்பு என்றால் ஆர்.சி. எங்கே போய் நிற்கும்? 'முன்னோட்டம்' என்றால் திரைப்படத் துணுக்குதான் நினைவுக்கு வருகிறது. முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு யாரும் பழுது சொல்வதில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானே வந்து நிற்கும். ஜியோசர்வரை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் 'தி ஓப்பன் பிளானிங் புராஜெக்ட்' என்ற அமைப்பு 2001-இல் தொடங்கிய, வரைபடத் தரவை இணையத்தில் பரிமாறும் ஜாவா மென்பொருள் இது. நகரத் திட்டமிடலில் குடிமக்களும் கலந்துகொள்ளட்டும் என்பது அதன் தொடக்க நோக்கம். ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடுகள், மார்ச்சையும் செப்டம்பரையும் ஒட்டி, என்பது அதன் வழக்கமான கணக்கு. அதற்குச் சற்று முன்னால் ஆர்.சி. வரும். அந்தக் கட்டத்தில் நிரலில் ஒரு கிளை தனியே பிரிகிறது. அதில் புதிய வசதிக்கு இடமில்லை, திருத்தம் மட்டும்தான். புவித்தகவலுக்குத் தரம் வகுக்கும் ஓ.ஜி.சி. அமைப்பின் இணக்கச் சோதனைகளைத் தானியங்கியாக ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு பயனர்களை அழைத்து, உங்கள் தரவை ஏற்றி இழுத்துப் பாருங்கள் என்பார்கள். ஏனென்றால் உங்கள் அலுவலகத்தின் தரவுத்தளமும், வரைபடப் பாணிக் கோப்புகளும், நான்கு பேர் கைமாறிச் சிதைந்த ஷேப்ஃபைல் என்ற வரைபடத் தரவுக் கோப்பும் நிரலாளர்களிடம் இல்லை.

ஓர் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களில் எது முதலில் என்ற அச்சு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையால் இடம் சுட்டும் ஈ.பி.எஸ்.ஜி. 4326 என்ற ஆயமுறையில், இணையத்தில் வரைபடம் கேட்டு வாங்கும் டபிள்யூ.எம்.எஸ். நெறிமுறையின் 1.1.1 பதிப்பு தீர்க்கரேகையை முதலில் வைக்கும், 1.3.0 அட்சரேகையை முதலில் வைக்கும். எங்காவது இது புரண்டால், ஜியோசர்வரோடு மாதிரியாக வரும் மன்ஹாட்டன் தெருக்கள் அப்படியே பெயர்ந்து அண்டார்க்டிகாவில் போய் விழும். வரைபடத்தை வாங்கிக் காட்டும் பழைய மென்பொருளை இன்னும் கட்டி அழுகிறவருக்குத்தான் இது முதலில் கண்ணில் படும். சோதனை செய்ய அவரே தகுந்த ஆள்.

இப்போது சொல்லுங்கள், தமிழன் இதை முன்னமே பார்த்ததில்லையா? புதுத் தேர் செய்தால் திருவிழா வரை கொட்டகையில் வைத்திருந்து, அன்று காலையில்தான் வடம் பிடிப்பார்களா? அதற்கு முன்பே ஒரு நாள் குறித்து, பெரும்பாலும் உற்சவர் எழுந்தருளாமலே, நான்கு வீதியும் இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் எங்கே உறுமுகிறது, மேல வீதித் திருப்பத்தில் திரும்புகிறதா, மின்கம்பியில் உரசுகிறதா என்று பார்ப்பது அன்றுதான். அதன் பெயர் வெள்ளோட்டம். கப்பலுக்கும் அதே சொல். தேர் முழுமையாக முடிந்திருக்க வேண்டும், இழுக்க ஊர் வர வேண்டும், பழுதில்லையென்றால் அதே தேர் திருவிழாவில் ஓட வேண்டும். ஆர்.சி.யின் இலக்கணம் மூன்றும் இதில் அடங்கிவிட்டன. ரோமானியனின் வெள்ளை அங்கிக்கு ஈடாக இங்கேயும் ஒரு 'வெள்' வந்து உட்கார்ந்திருப்பது தற்செயல்தான். அதை வைத்து உறவு கொண்டாடக் கிளம்பிவிடாதீர்கள்.

வெள்ளோட்டம் என்பது செயல். பொருளைக் குறிக்க 'வெள்ளோட்டப் பதிப்பு' என்போம். இதைப் பீட்டாவுக்குப் பயன்படுத்துவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பீட்டாவில் தச்சர் இன்னும் உளியோடு மேலே உட்கார்ந்திருக்கிறார். வெளியீட்டையே நிறுத்திவைக்கும் வழுவை, ஆங்கிலத்தின் 'பிளாக்கரை', 'தடுப்பான்' என்று எழுதுகிறார்களே, அதற்கும் தேரடியிலேயே விடை கிடக்கிறது: முட்டுக்கட்டை.

குறிப்பேடு எழுதியவர்மேல் முழுப் பழியையும் போட மனமில்லை. இடைமுகச் சொற்களை மொழிபெயர்ப்பவருக்குத் தனித்தனித் துண்டாகத்தான் வரிகள் வருகின்றன. 'கேண்டிடேட்' என்று மொட்டையாக ஒரு கட்டத்தில் நின்றால், அது மென்பொருளா சட்டமன்றமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டிருக்கலாம். கேட்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை. ஒரு மணி நேரத்தில் முந்நூறு வரி முடித்தேன் என்று சொல்வதில் இருக்கும் பெருமை, ஒரு சொல்லுக்காக அரை நாள் உட்கார்ந்தேன் என்று சொல்வதில் இல்லை.

அந்தக் குறிப்பேட்டின் ஓரத்தில் நான் எழுதித் திருப்பி அனுப்பிய வரி: 'ஜியோசர்வரின் வெள்ளோட்டப் பதிப்பு வந்திருக்கிறது. தரவுக் கோப்புறையை நகலெடுத்து, நகலில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். புதிய பதிப்பு மாற்றி எழுதிய அமைப்புக் கோப்புகளைப் பழைய பதிப்பு படிக்காமல் போகலாம். முட்டுக்கட்டை வழு கண்டால் உடனே தெரிவியுங்கள்.'